பேச்சு ஆங்கிலம்: வகுப்பில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கில வகுப்பு எடுத்துவருகிறேன். ஏற்றுமதிக் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக) இருப்பவர்கள், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர்கள், நேர்முகத் தேர்வை எதிர்நோக்கும் கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஆசிரியரோடு தடையின்றிப் பேச வேண்டும் என்று வரும் தாய்மார்கள் எனப் பலரும் வருகிறார்கள். தொழில் வேறாக இருந்தாலும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எழுத்துக்கூட்டலைவிட ஒலியும் பயன்பாடும் முதன்மை என்பதால் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

தினமும் பேசுறதுக்கு எத்தனை வார்த்தை தெரிஞ்சா போதும் மேடம்?

டாக்காவில் ஆசிரியராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953இல் ஏறத்தாழ 2000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டார். அன்றாடப் பேச்சின் மிகப் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே தெரியும். ஆகவே, சொல் போதவில்லை என்ற கவலையை முதலில் விட்டுவிடலாம்.

தெரியாமல் இருப்பது, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான். தமிழில் நாம் கோலம் போடுகிறோம், தோசை சுடுகிறோம், முடிவு எடுக்கிறோம், பூ தொடுக்கிறோம். "கோலம் செய்தேன்" என்று ஒருவர் சொன்னால் பொருள் புரியும்; ஆனால் அவர் தமிழைப் புதிதாகக் கற்கிறார் என்பதும் உடனே தெரிந்துவிடும். "தப்புப் பண்ணினேன்" என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு "ஐ டிட் எ மிஸ்டேக்" என்று நாம் சொல்வதும் அப்படிப்பட்டதே. அங்கே "மேட் எ மிஸ்டேக்" என்பதுதான் சேர்க்கை. எனவே நோட்டில் "மிஸ்டேக்" என்று தனியாக எழுதாமல், "மேக் எ மிஸ்டேக்", "டேக் எ பஸ்", "டூ த டிஷஸ்" என்று வினையோடு சேர்த்தே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தரைப் பார்த்தா "குட் நைட்"தானே சொல்லணும்?

இல்லை. "குட் நைட்" என்பது விடைபெறும்போது மட்டும் சொல்வது. இரவு எத்தனை மணியானாலும், சந்திக்கும்போது "குட் ஈவினிங்" என்றே சொல்ல வேண்டும். இரவுப் பணிக்கு வந்து சேர்ந்தவுடன் "குட் நைட்" என்று சொல்லும் செவிலியரைப் பார்ப்பவர், வந்ததும் வராததுமாகக் கிளம்பிவிட்டாரோ என்றுதான் நினைப்பார்.

"போயிட்டு வர்றேன்"னு சொல்ல "ஐ வில் கோ அண்ட் கம்"னு சொன்னேன், சிரிச்சிட்டாங்க. வேற எப்படிச் சொல்றது?

வெறுமனே "போகிறேன்" என்று சொல்வதை நம் வீடுகளில் விரும்புவதில்லை. திரும்பி வருவேன் என்ற வாக்கும் அதில் இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் அந்த வாக்கு "சீ யூ" என்பதற்குள் இருக்கிறது. "ஐ ஷுட் கெட் கோயிங். சீ யூ டுமாரோ" என்றால் நீங்கள் சொல்ல நினைத்தது முழுவதும் வந்துவிடும். பக்கத்துக் கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் உண்மையாகவே திரும்புவதாக இருந்தால் "ஐல் பி ரைட் பேக்" என்று சொல்லுங்கள்.

"சாப்பிட்டாச்சா?" என்று நலம் விசாரிப்பதும் இதைப் போன்றதுதான். மதியம் பன்னிரண்டரை மணிக்கு ஒரு வெளிநாட்டவரிடம் "ஹேவ் யூ ஈட்டன்?" என்று கேட்டால், நீங்கள் அவரைச் சாப்பிட அழைப்பதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அன்பைக் காட்டுவதற்கு "ஹவ்ஸ் யுவர் டே கோயிங்?" என்பது அங்கே பொருந்தும்.

எதுக்கெடுத்தாலும் "ப்ளீஸ்", "தேங்க்யூ" சொன்னா செயற்கையா இருக்காதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படித்தால் போதும். தமிழில் மரியாதை வினையின் இறுதியிலேயே இருக்கிறது. "தா" என்பதும் "தாருங்கள்" என்பதும் ஒரே வினைதான். அந்த "-ங்கள்" விகுதி எல்லா மரியாதையையும் சுமந்துகொண்டு வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் ஒரு "கொஞ்சம்" சேர்த்தால் குரலும் தணிந்துவிடும். அதனால்தான் வீட்டிலோ கடையிலோ "தயவுசெய்து" என்று சொல்லாமலே நம்மால் பணிவாகப் பேச முடிகிறது. ஆங்கில வினைக்கு அப்படி ஒரு விகுதி இல்லை. "கிவ்" என்றால் "கொடு" மட்டுமே. மரியாதையை வெளியிலிருந்துதான் சேர்க்க வேண்டும்: முன்னால் "முடியுமா?" என்று கேட்கும் "குட் யூ", பின்னால் "ப்ளீஸ்".

என் வகுப்புக்கு வந்த ஒரு செவிலியர் மிகவும் மென்மையானவர். "கொஞ்சம் கையைக் காட்டுங்கம்மா" என்று அவர் சொன்னால் ஊசிக்குப் பயந்த நோயாளிகூடக் கையை நீட்டிவிடுவார். அதே செவிலியர் பயிற்சி உரையாடலில் "ஷோ யுவர் ஹேண்ட்" என்றார். காதில் விழுந்தது "கையைக் காட்டு" என்ற அதட்டல். மேலும், நமக்குத் தோளிலிருந்து விரல் வரை எல்லாமே "கை" என்பதால், அவர் கேட்டது மணிக்கட்டுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும். இரத்த அழுத்தம் பார்க்கத் தேவைப்பட்டதோ "ஆர்ம்". "குட் ஐ ஹேவ் யுவர் ஆர்ம், ப்ளீஸ்?" என்று மாற்றிய பிறகுதான் அவருடைய இயல்பான மென்மை அந்த மொழியிலும் கேட்டது. "கால்" என்பதிலும் இதே கவனம் தேவை: கணுக்காலுக்குக் கீழே "ஃபுட்", மேலே "லெக்".

நன்றி சொல்வதும் அப்படியே. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த தங்கைக்கு நாம் நன்றி சொல்வதில்லை. சொன்னால் அவள் அந்நியமாக உணர்வாள். ஆங்கிலம் பேசுகிற வீட்டில் அதைச் சொல்லாவிட்டால்தான் மனம் நோகும். நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. எந்த மொழியில் பேசுகிறோமோ அந்த மொழியின் வழக்கத்தை அப்போதைக்குக் கடைப்பிடித்தால் போதும்.

எங்க மேனேஜர் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்றார். நாக்கு வர மாட்டேங்குது. என்ன செய்ய?

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளின் அலுவலகங்களில் மேலாளரைப் பெயர் சொல்லி அழைப்பதே வழக்கம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவரே கேட்டுக்கொண்ட பிறகும் "சார்" என்று தொடர்ந்தால், நீங்கள் விலகி நிற்பதாக அவருக்குத் தோன்றும். தயக்கம் தீராதவர்களுக்கு ஒரு செய்தி ஆறுதல் தரும். சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் நெருங்கியவர்களை விளிக்க "தௌ" என்றும், பலரையும் மதிப்புக்குரியவரையும் விளிக்க "யூ" என்றும் இரண்டு சொற்கள் இருந்தன. காலப்போக்கில் "தௌ" வழக்கொழிந்து, மரியாதைச் சொல்லாகிய "யூ" மட்டுமே நிலைத்தது. ஆகவே நீங்கள் "யூ" என்று சொல்லும்போதெல்லாம், வரலாற்றின்படி "நீங்கள்" என்றுதான் சொல்கிறீர்கள்.

முன்பின் தெரியாத பெரியவர்களை "அங்கிள்", "ஆன்ட்டி" என்று அழைப்பது நம் ஊரோடு இருக்கட்டும். வெளிநாட்டில் "எக்ஸ்க்யூஸ் மீ" என்று தொடங்கினால் விளியே தேவைப்படாது.

"கசின் பிரதர்"னு சொல்லக் கூடாதாமே? அப்போ சித்தப்பா பையனை எப்படிச் சொல்றது?

ஆங்கிலத்தில் "கசின்" என்ற ஒரே சொல்தான். ஆணா பெண்ணா என்பதைப் பின்னால் வரும் "ஹி" அல்லது "ஷி" காட்டிவிடும். "மை கசின் லிவ்ஸ் இன் கோவை. ஹி இஸ் என் இன்ஜினியர்" என்றால் முடிந்தது.

ஆனால் "கசின் பிரதர்" என்று சொல்பவர்கள் அறியாமையால் சொல்கிறார்கள் என்று நான் ஒருபோதும் கருதியதில்லை. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி ஆகியோரின் பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கைதான். மாமன் மகனும் அத்தை மகளும் முறைக்காரர்கள். உடன்பிறந்தார் முறைக்கும் திருமண முறைக்கும் இடையே உள்ள இவ்வளவு பெரிய வேறுபாட்டை "கசின்" என்ற சொல் காட்டுவதே இல்லை. "பிரதர்" என்பதைச் சேர்ப்பவர் அந்த வேறுபாட்டைக் காப்பாற்றவே முயல்கிறார். தேவைப்பட்டால் உறவை விளக்கிச் சொல்லுங்கள்: "மை ஃபாதர்ஸ் யங்கர் பிரதர்ஸ் சன்". சகலையை "கோ-பிரதர்" என்றும் ஓரகத்தியை "கோ-சிஸ்டர்" என்றும் சொல்வது தென்னிந்தியாவுக்கு வெளியே புரியாது. அவர்கள் "பிரதர்-இன்-லா", "சிஸ்டர்-இன்-லா" என்பவற்றுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

ஹோட்டல், பார்சல், பங்க் எல்லாம் இங்கிலீஷ்தானே? வெளிநாட்டுல ஏன் புரிய மாட்டேங்குது?

பிறப்பால் ஆங்கிலம், வளர்ப்பால் தமிழ். இங்கே "ஹோட்டல்" என்றால் சாப்பிடும் இடம். அங்கே தங்கும் இடம். சாப்பிட "ரெஸ்டாரன்ட்" என்று கேட்க வேண்டும். "பார்சல்" அங்கே அஞ்சலில் வருவது. உணவைக் கட்டிக் கொடுக்கச் சொல்ல பிரிட்டனில் "டேக்அவே", அமெரிக்காவில் "டு கோ". "பங்க்" என்பது அடுக்குக் கட்டில். வண்டிக்கு எண்ணெய் போட "பெட்ரோல் ஸ்டேஷன்" அல்லது "கேஸ் ஸ்டேஷன்". "கரண்ட் போயிடுச்சு" என்பதற்கு "த பவர்ஸ் கான்". அழிப்பான் என்ற பொருளில் "ரப்பர்" என்று அமெரிக்காவில் கேட்காதீர்கள். அங்கே அது ஆணுறையைக் குறிக்கும். "இரேஸர்" என்பது எங்கும் செல்லும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் சரக்கின் பெயர்களே நாட்டுக்கு நாடு மாறுகின்றன. லண்டன் பையர் (சரக்கு வாங்குபவர்) "வெஸ்ட்" என்று சொன்னால் அது நம் பனியன். நியூயார்க் பையர் அதே சொல்லைச் சொன்னால் சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத மேலாடை. "பேன்ட்ஸ்" அமெரிக்காவில் முழுக்கால் சட்டை, பிரிட்டனில் உள்ளாடை. "ஜம்பர்" பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் பெண்கள் அணியும் கையில்லாத கவுன். "டிரஸ்" என்பது இரு நாட்டிலும் பெரும்பாலும் பெண்களின் ஒற்றை ஆடையையே குறிக்கும். பொதுவாக ஆடைகளைச் சொல்ல "க்ளோத்ஸ்". ஆர்டர் எடுக்கும்போது சொல்லை மட்டும் நம்பாமல் படத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

"டூ த நீட்ஃபுல்", "ப்ரீபோன்", "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" — இதெல்லாம் தப்பான இங்கிலீஷா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். ஊர் எல்லை உள்ள ஆங்கிலம் என்பேன். "டூ த நீட்ஃபுல்" பிரிட்டிஷ்காரர்களே ஒரு காலத்தில் கடிதங்களில் எழுதியது. அங்கே வழக்கொழிந்துவிட்டது, நம் அலுவலகங்களில் இன்னும் வாழ்கிறது. "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்பதில் உள்ள "ஸ்டேஷன்" ரயில் நிலையம் அன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தில் அதிகாரிகள் பணியமர்த்தப்பட்ட ஊர். "ப்ரீபோன்" ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம்பெற்றுவிட்டது. "போஸ்ட்போன்" இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் வேண்டாமா என்ற நம் கேள்வியும் நியாயமானதே.

இந்தியருக்கு எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளிநாட்டுப் பையருக்கு எழுதும்போது, "வீ ஹேவ் பிராட் த ஷிப்மென்ட் ஃபார்வர்ட் டு மண்டே", "குட் யூ ப்ளீஸ் டேக் கேர் ஆஃப் திஸ்?", "ஹி இஸ் அவுட் ஆஃப் டவுன்" என்று எழுதினால் இரண்டாம் முறை விளக்க வேண்டி வராது. ஒன்றே ஒன்றை மட்டும் நேர்முகத் தேர்வில் தவிர்த்துவிடுங்கள்: "ஐ பாஸ்ட் அவுட் இன் 2023". ராணுவப் பயிற்சி முடிப்பவர்களைப் பற்றிச் சொன்னால் சரி. மற்றவர் சொன்னால் மயங்கி விழுந்ததாகப் பொருள். "ஐ கிராஜுவேட்டட் இன் 2023" என்பதே தெளிவு.

போன் எடுத்ததும் "டெல் மீ"னு சொல்றேன். அது சரியா?

"சொல்லுங்க" என்பதன் இதம் அதில் வராது. "ப்ளீஸ்" பற்றிய பதிலில் சொன்ன "-ங்கள்" ஆங்கிலத்துக்கு வரும் வழியில் உதிர்ந்துபோய், "சொல்லு" மட்டுமே மிஞ்சுகிறது. தெரிந்தவராக இருந்தால் "ஹாய், ஹவ் ஆர் யூ?", வாடிக்கையாளராக இருந்தால் "ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?", பேச்சின் நடுவில் அவரைத் தொடரச் சொல்ல "யெஸ், கோ அஹெட்". "யாருங்க பேசுறது?" என்பதற்கு "ஹூ ஆர் யூ?" வேண்டாம், "மே ஐ நோ ஹூஸ் காலிங்?" என்று கேளுங்கள். "என்ன விஷயம்?" என்பதற்கு "வாட்ஸ் த மேட்டர்?" என்றால் "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டதாகிவிடும்.

"ஐ ஆம் ஹியர் ஒன்லி", "டுடே இட்செல்ஃப்" — இதுல "ஒன்லி"யை எடுத்துட்டா அழுத்தம் போயிடுதே?

உண்மைதான், போய்விடுகிறது. "இங்கேதான் இருக்கிறேன்", "இன்றைக்கே அனுப்புகிறேன்" என்பவற்றில் "தான்", ஏகாரம் ஆகியவை செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் பெரும்பாலும் இல்லை. குரல்தான் அந்த வேலையைச் செய்கிறது. "ஐல் செண்ட் இட் டுடே" என்பதில் "டுடே" என்ற சொல்லைச் சற்று உயர்த்தி, நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். ஏகாரம் காதில் விழும். நாம் சொற்களைச் சீரான அழுத்தத்தோடு பேசிப் பழகியவர்கள் என்பதால் இதற்கு வாய்விட்டுப் பயிற்சி செய்ய வேண்டும். வகுப்பில் "ஐ டிட்ன்ட் டேக் யுவர் பென்" என்ற ஒரே வாக்கியத்தை ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு சொல்லை அழுத்திச் சொல்ல வைப்பேன். "நான் எடுக்கவில்லை", "எடுக்கவே இல்லை", "உன் பேனாவை எடுக்கவில்லை" என்று பொருள் மாறிக்கொண்டே வரும்.

"ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" ஏன் தப்பு?

"எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்" என்று தமிழில் சொல்வோமா? நிலையாக இருப்பதற்குத் தொடர்வினை வேண்டாம்: "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்", "ஐ நோ ஹிம்". சாப்பிடும் பொருளில் வந்தால் மட்டும் "ஐம் ஹேவிங் லஞ்ச்" சரி, ஏனென்றால் அது நடந்துகொண்டிருக்கும் செயல்.

"எ" எப்போ, "ஆன்" எப்போ? வவ்வல்ஸ் ரூல் படிச்சும் "யுனிவர்சிடி"ல மாட்டிக்கிறேன்.

அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து உயிராக இருந்தால் "ஆன்". உயிர்மெய்யாக இருந்தால் "எ". ஆப்பிள், எக், எம்.எல்.ஏ., எக்ஸ்ரே என உயிரில் தொடங்குவதால் "ஆன்". யுனிவர்சிடி, யூனிஃபார்ம் ஆகியவை யகர உயிர்மெய்யில் தொடங்குவதால் "எ". ஆங்கிலத்தின் விதி ஒலியைப் பார்ப்பது, நம் எழுத்தும் ஒலியைக் காட்டுவது. அதனால்தான் இந்த வழி பலிக்கிறது. இரண்டே எச்சரிக்கைகள்: "ஒன்" என்று நாம் எழுதினாலும் சரியான ஒலிப்பு "வன்", ஆகவே "எ ஒன்-வே டிக்கெட்". மேலும் "எங்கே" என்பதைப் பேச்சில் "யெங்கே" என்கிறோமே, அதே பழக்கத்தில் "யெம்.எல்.ஏ." என்று சொன்னால் காது ஏமாந்துவிடும்.

எழுத்து இருக்கு, ஆனா உச்சரிக்கக் கூடாதுன்னா ஏன் எழுதுறாங்க?

சிலவற்றில் அந்த எழுத்து முன்பு ஒலித்து, பிறகு மௌனமானது. வேறு சிலவற்றில் அது எப்போதுமே ஒலித்ததில்லை. கடனைக் குறிக்கும் "டெட்" என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் "பி" இல்லை. இலத்தீன் வேரைக் காட்ட விரும்பிய படித்தவர்கள் பின்னாளில் அதைச் செருகினார்கள். "ரிசீட்" என்பதிலும் அப்படியே. தீவைக் குறிக்கும் "ஐலண்ட்" என்பதில் உள்ள "எஸ்" தவறான ஒப்புமையால் வந்து சேர்ந்தது. ஆகவே கேட்ட ஒலியை நம்புங்கள். எழுத்தைப் பிறகு பார்க்கலாம்.

"புட் ஆஃப்", "புட் அப் வித்" — இதையெல்லாம் எப்படித்தான் மனப்பாடம் செய்றது?

பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். தமிழில் "விடு", "கொள்", "போடு", "தீர்" போன்ற துணைவினைகள் முதன்மை வினையின் பொருளைத் திருப்பிவிடுவதை நாம் கவனிப்பதே இல்லை. "சாப்பிடு" வேறு, "சாப்பிட்டுவிடு" வேறு, "சாப்பிட்டுத் தீர்" வேறு. வேற்றுமொழிக்காரர் நம்மிடம், "தூங்கிப்போனான் என்றால் எங்கே போனான்?" என்று கேட்பார். தள்ளிப்போடுவதைக் குறிக்கும் "புட் ஆஃப்" என்பதில் "ஆஃப்" எங்கே இருக்கிறது என்று நாம் கேட்பதும் அதே கேள்விதான். "ஈட் அப்", "ஃபினிஷ் அப்", "யூஸ் அப்" ஆகியவற்றில் "அப்" என்பது ஏறக்குறைய நம் "விடு", "தீர்" செய்யும் வேலையைச் செய்கிறது. முதல் கேள்விக்கான பதிலில் சொன்னபடி தனியாக எழுதாமல், ஒவ்வொன்றையும் உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள். "வீ புட் ஆஃப் த வெட்டிங் டு தை" என்று ஒருவர் எழுதிவந்தார். தை மாதம் உள்ளவரை அவருக்கு அது மறக்காது.

"ஹேவன்ட் யூ சென்ட் இட்?"னு கேட்டா "யெஸ்"ஸா, "நோ"வா?

எல்லாவற்றிலும் சிக்கலான கேள்வி இது. தமிழில் "அனுப்பவில்லையா?" என்று கேட்டால், "ஆமாம், அனுப்பவில்லை" என்கிறோம். நம் "ஆமாம்" கேட்டவரின் ஊகத்தை ஒப்புக்கொள்கிறது. ஆங்கிலத்தின் "யெஸ்", "நோ" கேட்டவரின் ஊகத்தைப் பார்ப்பதில்லை. நடந்ததை மட்டுமே பார்க்கின்றன. அனுப்பியிருந்தால் "யெஸ்", அனுப்பாவிட்டால் "நோ". கேள்வி எந்த வடிவில் வந்தாலும் பதில் மாறாது. ஒரு மாணவரிடம் அவருடைய பையர் தொலைபேசியில் "ஹேவன்ட் யூ சென்ட் த சாம்பிள்ஸ்?" என்று கேட்டிருக்கிறார். இவர் "ஆமாம், இன்னும் இல்லை" என்ற நினைப்பில் "யெஸ்" என்று சொல்லிவிட்டார். சாம்பிள் கிளம்பிவிட்டதாக நம்பிய பையர், இரண்டு நாள் கழித்து கூரியர் எண் கேட்டுக் கோபமாக மெயில் அனுப்பினார்.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்ற கேள்வியும் இந்த வகைதான். அதன் பொருள் "நான் உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்பது. உட்காரச் சொல்ல விரும்பினால் "நோ, நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும். புன்னகையோடு "யெஸ்" என்றால் அவர் குழம்பி நிற்பார். செவிலியர் "வுட் யூ மைண்ட் ரோலிங் அப் யுவர் ஸ்லீவ்?" என்று கேட்கும்போது நோயாளி "நோ" என்றால், அவர் மறுக்கவில்லை, சட்டைக் கையை மடித்துவிடச் சம்மதித்திருக்கிறார்.

பழகும்வரை ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். "நோ, ஐ ஹேவன்ட் சென்ட் இட் யெட்", "யெஸ், ஐ சென்ட் இட் திஸ் மார்னிங்", "ப்ளீஸ், ஹேவ் எ சீட்" என்று வினையோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தொடக்கச் சொல் தவறிப்போனாலும் பின்னால் வரும் வினையைக் கேட்டு, எதிரில் இருப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார்.